பொரித்த ரொட்டி சொல்லும் வரலாறு

(உரைநடை)

நுழையும்முன்

ஓர் உணவின் செய்முறையை அறிந்துகொள்வது எளிது. அதில் சேரும் பொருள்கள் எங்கிருந்து வந்தன, ஏன் வந்தன என்று கேட்கத் தொடங்கினால் செய்முறை வரலாறாக விரியும். அமெரிக்கப் பழங்குடி மக்களின் வீடுகளில் இன்றும் செய்யப்படும் ஒரு ரொட்டியைப் பற்றியது இப்பாடம். அந்த ரொட்டியைச் செய்யும் முறையையும், அது பிறந்த சூழலையும், அதனைப் பற்றி அம்மக்களுக்குள்ளேயே நிகழும் விவாதத்தையும் இங்கே காண்போம்.

ஐந்து பொருள்கள்

மைதா மாவு, உப்பு, பேக்கிங் பவுடர், வெதுவெதுப்பான நீர், பொரிப்பதற்குக் கொழுப்பு அல்லது எண்ணெய். இவ்வைந்தும் இருந்தால் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பொரித்த ரொட்டியைச் செய்துவிடலாம். ஆங்கிலத்தில் இதனை 'ஃப்ரை பிரெட்' என்பர். மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, கையால் தட்டிச் சூடான எண்ணெயில் இட்டால் அது உப்பிப் பொன்னிறமாக மேலே மிதக்கும். பார்த்தவுடன் பூரி நினைவுக்கு வரும். ஆனால் இது பூரியைவிடத் தடிமனானது. பட்டூராவைப் போல மென்மையானது எனினும் தயிரின் புளிப்பு இதில் இல்லை.

இந்தப் பொருள்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கோதுமை அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய பயிர் அன்று. தொடக்கக் காலத்தில் இந்த ரொட்டியைப் பொரிக்கப் பயன்பட்டது பன்றிக் கொழுப்பு. வீட்டுப் பன்றியும் அக்கண்டத்துக்கு உரியதன்று. இரண்டும் ஐரோப்பியரின் கப்பல்களில் கடல் கடந்து சென்றவை. அப்படியானால், பழங்குடி மக்கள் தமது உணவு என்று சொல்லும் ரொட்டியில் அவர்களுடைய மண்ணுக்கே உரிய தானியம் ஏதும் இல்லாதது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடினால் ஏறத்தாழ 160 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மக்காச்சோளம் விளைந்த மண்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில், இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட நிலத்தில் நவஹோ மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் தம்மை 'டினே' என்று அழைத்துக்கொள்கின்றனர். அச்சொல்லுக்கு 'மக்கள்' என்பது பொருள். மரக்கட்டைகளாலும் மண்ணாலும் கட்டப்பட்ட அவர்களது மரபுவழி வீட்டுக்கு 'ஹோகன்' என்று பெயர். அதன் வாயில் கதிரவன் எழும் கிழக்குத் திசையை நோக்கி இருக்கும்.

மக்காச்சோளமே அவர்களது முதன்மை உணவு. அதனோடு பீன்ஸ் என்னும் அவரை வகைகளையும் பூசணி வகைகளையும் பயிரிட்டனர். நீல நிறச் சோளத்தை அரைத்துக் கூழ் காய்ச்சினர். அக்கூழில் ஜூனிப்பர் மரத்தழையை எரித்த சாம்பலைச் சிறிதளவு சலித்துச் சேர்ப்பது வழக்கம். அச்சாம்பல் கூழின் நீல நிறத்தைக் காப்பதோடு உடலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் தருகிறது. பால் முற்றாத சோளத்தை அரைத்து, அதன் தோகையிலேயே பொதிந்து, நெருப்பிட்டுச் சூடாக்கிய குழியில் புதைத்து வேகவைத்த ரொட்டியும் அவர்களுக்கு உண்டு. எனவே, 'பொரித்த ரொட்டி வருவதற்கு முன் இவர்களுக்கு ரொட்டியே தெரியாது' என்று எண்ணுவது பிழையாகும்.

ஸ்பானியர் கொண்டுவந்த ஆடுகளையும் பீச் மரங்களையும் நவஹோ மக்கள் காலப்போக்கில் தமதாக்கிக்கொண்டனர். ஆட்டு மயிரால் அவர்கள் நெய்த கம்பளங்கள் புகழ்பெற்றவை. 'கான்யன் டி ஷே' என்னும் செங்குத்தான செம்பாறைப் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான பீச் மரங்கள் காய்த்தன. வெளியிலிருந்து வருகின்ற எல்லாவற்றையும் அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதற்கு ஆடும் பீச்சும் சான்று. அவற்றை அவர்கள் விரும்பி ஏற்றனர். கோதுமை மாவு அவர்கள் வாழ்வில் நிலைபெற்ற விதமோ வேறு.

நெடுநடை

1863 ஆம் ஆண்டு, நவஹோ மக்களை அவர்களது நிலத்திலிருந்து வெளியேற்ற அமெரிக்கப் படை முடிவு செய்தது. ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்ட்டனின் ஆணைப்படி கிட் கார்சன் என்பவர் படையை நடத்திச் சென்றார். படையினர் மக்களோடு போரிட்டதைவிட அவர்களது உணவோடு போரிட்டனர் எனலாம். சோள வயல்களைக் கொளுத்தினர். ஆடுகளைக் கொன்றனர் அல்லது ஓட்டிச் சென்றனர். நீர்நிலைகளைக் காவல் காத்தனர். 1864 இல் கான்யன் டி ஷே பள்ளத்தாக்கின் பீச் மரங்களை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தனர். குளிர்காலம் வந்தது. உண்ண ஏதுமில்லாத மக்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தனர்.

சரணடைந்தவர்கள் கிழக்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். 480 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. முதியோரும் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் பனியில் நடந்தனர். நடக்க இயலாதவர் பலர் வழியிலேயே மாண்டனர். பல குழுக்களாக, வெவ்வேறு வழிகளில் நிகழ்ந்த அப்பயணங்கள் அனைத்தையும் சேர்த்து 'நெடுநடை' என்று வரலாறு குறிக்கிறது.

அவர்கள் சென்று சேர்ந்த இடம் நியூ மெக்சிகோவின் பேகோஸ் ஆற்றங்கரையில் இருந்த போஸ்கே ரெடோண்டோ. அங்கே சம்னர் கோட்டையின் காவலில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோ மக்கள் வைக்கப்பட்டனர். மெஸ்கலேரோ அப்பாச்சி இனத்தார் சில நூறு பேரும் அங்கே இருந்தனர். அம்மக்களை உழவர்களாக மாற்றுவதே அரசின் திட்டம். ஆனால் ஆற்று நீர் உவர்ப்பானது. விதைத்த சோளத்தைப் புழுக்கள் அழித்தன. அருகிலிருந்த மரங்கள் விரைவில் தீர்ந்துபோயின. விறகுக்காக நெடுந்தொலைவு நடந்து, வேர்களைத் தோண்டி முதுகில் சுமந்து வந்தனர்.

பங்கீட்டு மாவு

வயல் பொய்த்தபின் உயிர்பிழைக்க ஒரே வழி படையினர் வழங்கிய பங்கீட்டு உணவுதான். கோதுமை மாவு, இறைச்சி, பன்றிக் கொழுப்பு, உப்பு, சர்க்கரை, காப்பிக்கொட்டை ஆகியவை அதில் அடங்கும். அளவோ குறைவு, தரமோ தாழ்வு. மாவில் பல வேளைகளில் புழுக்கள் நெளிந்தன.

பழகாத பொருள்களை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுப்பாரும் இல்லை. காப்பிக்கொட்டையை ஒருவகைப் பயறு என்று எண்ணி வேகவைத்து, நீரை வடித்துவிட்டு உண்ண முயன்றதாக நவஹோ முதியோரின் வாய்மொழிக் கதைகள் கூறுகின்றன. மாவை வெறும் நீரில் கரைத்துக் குடித்தவர்கள் வயிற்றுநோயால் துன்புற்றனர் என்றும் அக்கதைகள் சொல்கின்றன.

பங்கீடு பெற அட்டைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. மக்கள் அவற்றைப் போலவே சீட்டுகளைச் செய்துகொண்டனர். உடனே படையினர் உலோக வில்லைகளுக்கு மாறினர். நவஹோ கொல்லர்கள் அவ்வில்லைகளையும் அச்சு மாறாமல் செய்துவிட்டனர். பசித்த வயிறுகளுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கைவேலையை இன்றும் அம்மக்கள் பெருமிதத்தோடு நினைவுகூர்கின்றனர்.

இச்சூழலில்தான் பொரித்த ரொட்டி பிறந்தது என்பது நவஹோ மக்களின் வழிவழி நம்பிக்கை. காரணத்தை எண்ணிப் பாருங்கள். சோள ரொட்டியைக் குழியில் சுட நெடுநேரம் நெருப்பு வேண்டும்; அதற்கு விறகு இல்லை. தட்டையான மாவைக் கொழுப்பில் இட்டால் சில நிமிடங்களில் வெந்துவிடும். ஓர் இரும்புச் சட்டி போதும். பழைய மாவின் குறையையும் சூடான கொழுப்பு ஓரளவு மறைத்துவிடும். சிறிதளவு மாவும் வயிற்றை நிரப்பும். அங்கே முதன்முதலில் அதனைப் பொரித்த பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அவள் செய்த முறை பிழைத்தது.

போஸ்கே ரெடோண்டோவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயாலும் பசியாலும் இறந்தனர் என்று கணக்கிடப்படுகிறது. 1868 ஆம் ஆண்டு பேச்சுவார்த்தைக்கு அரசு அதிகாரிகள் வந்தபோது, நவஹோ தலைவர் பார்பான்சீத்தோ தம் மக்களை வேறெந்த நாட்டுக்கும் அனுப்பாமல் சொந்த மண்ணுக்கே திருப்பி அனுப்புமாறு வேண்டினார். அவ்வாண்டு சூன் முதல் நாள் உடன்படிக்கை கையெழுத்தானது. ஊர் திரும்பிய மக்களின் வரிசை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்தது. அமெரிக்காவில் இடம்பெயர்க்கப்பட்ட பழங்குடி இனங்களுள் சொந்த நிலத்துக்குத் திரும்பும் உரிமையை உடன்படிக்கை வழியாகப் பெற்றவர் மிகச் சிலரே. அவர்கள் ஊர் சேர்ந்தபோது அந்த ரொட்டியும் உடன் சென்றது.

பல இனங்களின் ரொட்டி

பொரித்த ரொட்டி நவஹோ மக்களோடு நின்றுவிடவில்லை. வடக்கே புல்வெளிகளில் வாழ்ந்த லகோட்டா மக்கள் காட்டெருமையை நம்பி வாழ்ந்தவர்கள். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்விலங்குகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டன. வேட்டை நிலத்தை இழந்து ஒதுக்கீட்டு நிலங்களில் அடைக்கப்பட்ட அவர்களும் அரசு தரும் மாவையும் கொழுப்பையும் நம்பி வாழ நேர்ந்தது. மொழியாலும் வழக்கத்தாலும் வேறுபட்ட பல இனத்தார்க்கு ஒரே வகையான மூட்டைகள் வந்து சேர்ந்தன. எனவே ஒரே வகையான ரொட்டியும் உருவாயிற்று. 20 ஆம் நூற்றாண்டிலும் அரசின் உணவு வழங்கல் திட்டங்கள் வழியாக மாவும் பால்பொடியும் தகர டப்பாவில் அடைத்த இறைச்சியும் தொடர்ந்து வந்தன. சில வீடுகளில் மாவோடு பால்பொடி சேர்க்கும் வழக்கம் அவ்வாறு வந்ததே.

இன்று நவஹோ நாட்டில் பல குடும்பங்கள் கொலராடோ மாநிலத்தின் கோர்டெஸ் ஊரில் அரைக்கப்படும் 'புளூ பேர்ட்' மாவையே விரும்புகின்றன. நீலப்பறவை அச்சிட்ட துணிப்பையில் அம்மாவு விற்கப்படுகிறது. மாவு தீர்ந்தபின் அந்தப் பை மேலாடையாகவும் தலையணை உறையாகவும் மாறிவிடுகிறது.

செய்முறை

வீட்டில் பொரித்த ரொட்டி செய்வதற்கான ஒரு முறை கீழே தரப்பட்டுள்ளது. எண்ணெய்ச் சட்டி அருகே வேலை செய்யும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் இருத்தல் வேண்டும்.

தேவையான பொருள்கள் (ஆறு ரொட்டிகளுக்கு):
மைதா மாவு – 2 குவளை (250 கிராம்)
பேக்கிங் பவுடர் – 2 தேக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டி
வெதுவெதுப்பான நீர் – ஏறத்தாழ முக்கால் குவளை
எண்ணெய் – பொரிப்பதற்குத் தேவையான அளவு

1. மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் அகன்ற பாத்திரத்தில் நன்றாகக் கலக்க வேண்டும். பேக்கிங் பவுடர் ஓரிடத்தில் தங்கிவிட்டால் அவ்விடம் மட்டும் கசக்கும்.

2. நடுவே குழி செய்து, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கையால் திரட்ட வேண்டும். மாவு பூரி மாவைவிட மென்மையாக, விரலில் இலேசாக ஒட்டும் பதத்தில் இருத்தல் நலம். திரண்டவுடன் நிறுத்திவிட வேண்டும். கோதுமையில் உள்ள புரதம் நீரோடு சேர்ந்து பிசையப் பிசைய வலைபோலப் பின்னிக்கொள்ளும். அவ்வலை காற்றைப் பிடித்துவைக்க உதவும். ஆனால் அளவுக்கு மீறிப் பிசைந்தால் ரொட்டி இரப்பர்போல இறுகிவிடும்.

3. ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க வேண்டும். அந்நேரத்தில் இறுகிய மாவு தளரும், தட்டும்போது சுருங்காது. பேக்கிங் பவுடரில் சோடாவும் அமிலத்தன்மை உடைய ஓர் உப்பும் உலர்ந்த நிலையில் கலந்துள்ளன. நீர் பட்டவுடன் அவை வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடத் தொடங்குகின்றன. ஈஸ்ட் சேர்த்த மாவைப்போல மணிக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

4. மாவை ஆறு உருண்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் பெரிய எலுமிச்சையின் அளவில் இருக்கும். பூரிக்கு வேண்டிய பலகையும் குழவியும் இங்கே தேவையில்லை. உருண்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றித் தட்டி, விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்து அகலப்படுத்துவர். 12 சென்டிமீட்டர் அகலமும் அரை சென்டிமீட்டர் தடிமனும் போதும். சமையலறையில் எழும் அந்தத் 'தப் தப்' ஓசையைக் கேட்டே ரொட்டி தயாராவதைக் குழந்தைகள் அறிந்துகொள்வர்.

5. சில குடும்பங்களில் ரொட்டியின் நடுவே விரலால் ஒரு துளை இடுவர். துளை இருந்தால் நடுப்பகுதியும் சீராக வேகும். நடு உப்பிப் பந்துபோல ஆகாமல் தட்டையாக இருக்கவும் அது உதவும்.

6. கனமான இரும்புச் சட்டியில் மூன்று விரல் உயரம் எண்ணெய் ஊற்றி நடுத்தரத் தீயில் காய்ச்ச வேண்டும். 180 பாகை செல்சியசு ஏற்ற வெப்பம். வெப்பமானி இல்லையெனில் ஒரு சிறு மாவுத் துண்டை இட்டுப் பார்க்கலாம். அது உடனே குமிழியிட்டு மேலெழுந்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். காயாத எண்ணெயில் இட்டால் ரொட்டி எண்ணெயைக் குடித்துவிடும். புகையும் எண்ணெயில் இட்டால் வெளிப்புறம் கருகி உட்புறம் வேகாமல் நிற்கும்.

7. ரொட்டியைச் சட்டியின் ஓரமாக, தன்னிலிருந்து விலகிச் செல்லும் திசையில் மெல்ல இறக்க வேண்டும். மாவில் உள்ள நீர் ஆவியாகி விரியும். உள்ளே அடைபட்ட வாயுவும் வெப்பத்தால் பெருகும். ரொட்டி உப்புவதற்கு இவ்விரண்டுமே காரணம். ஒருபுறம் பொன்னிறமானதும் திருப்பிவிட்டு மறுபுறத்தையும் வேகவைத்து, எண்ணெய் வடிய வைத்துச் சூட்டோடு பரிமாற வேண்டும். ஆறினால் இறுகிவிடும்.

தேனோ பொடித்த சர்க்கரையோ தூவி உண்பது ஒரு வழக்கம். லகோட்டா மக்கள் காட்டுப் பழங்களைக் காய்ச்சிச் செய்யும் 'வோஜாபி' என்னும் கெட்டியான சாற்றில் தோய்த்து உண்பர். வேகவைத்த பீன்ஸ், இறைச்சி, நறுக்கிய தக்காளி, இலைக்கோசு, பாலாடைக்கட்டி ஆகியவற்றை ரொட்டியின்மேல் குவித்தால் அது 'நவஹோ டாக்கோ' எனப்படும். முரசொலிக்கப் பல இனத்தாரும் கூடி ஆடும் 'பவ்வாவ்' திருவிழாக்களில் இந்த உணவு விற்கும் கடைகளின்முன் நீண்ட வரிசைகளைக் காணலாம்.

மரபா, சுமையா?

2005 ஆம் ஆண்டு தெற்கு டகோட்டா மாநிலம் பொரித்த ரொட்டியைத் தனது மாநில ரொட்டியாக அறிவித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், ஷயான், மஸ்கோகி இனங்களைச் சேர்ந்த எழுத்தாளரும் உரிமைப் போராளியுமான சூசன் ஷோன் ஹார்ஜோ, புத்தாண்டு முதல் தாம் பொரித்த ரொட்டியைக் கைவிடுவதாக ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளை மாவும் கொழுப்பும் தம் மக்களை நோயாளிகளாக ஆக்குகின்றன என்பது அவர் வாதம். பழங்குடி மக்களிடையே சர்க்கரை நோய் மிகுதியாக உள்ளது என்பது உண்மை. இந்த ரொட்டி மட்டுமே அதற்குக் காரணம் அன்று. மண்ணோடு சேர்த்துப் பழைய உணவு முறையையும் இழந்ததே பெருங்காரணம். ஆனால் அவ்விழப்பின் அடையாளமாக இந்த ரொட்டி நிற்கிறது என்று ஹார்ஜோவைப் போன்றோர் கருதுகின்றனர்.

அக்கட்டுரைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலருக்குப் பொரித்த ரொட்டி என்பது பாட்டியின் கை, திருவிழா நாள், இறந்தவரை நினைத்து உறவினர் கூடும் வீடு. கொடுக்கப்பட்டதோ புழுத்த மாவு. அதிலிருந்து சுவையான ஒன்றை ஆக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய முன்னோரின் திறமையை எப்படி மறப்பது என்று அவர்கள் கேட்கின்றனர். செமினோல் இனத்தைச் சேர்ந்த கெவின் நோபிள் மெய்லார்ட் 2019 இல் இந்த ரொட்டியைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படநூல் எழுதினார். ஹுவானா மார்ட்டினெஸ்-நீல் ஓவியம் வரைந்த அந்நூலில் குடும்பத்தின் மகிழ்ச்சியோடு நெடுநடையின் துயரமும் இடம்பெற்றுள்ளது. மறு ஆண்டு அந்நூல் சைபர்ட் பதக்கம் பெற்றது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. லகோட்டா இனத்தைச் சேர்ந்த சமையற்கலைஞர் ஷான் ஷெர்மன், ஐரோப்பியர் வருவதற்கு முன் தம் மண்ணில் இருந்த உணவுகளைத் தேடித் தொகுத்தார். 2021 இல் மினியாப்பொலிஸ் நகரில் 'ஒவாம்னி' என்னும் உணவகத்தைத் தொடங்கினார். கோதுமை மாவு, பால் பொருள்கள், கரும்புச் சர்க்கரை ஆகியவற்றை அவ்வுணவகம் தவிர்த்தது. சோளம், காட்டரிசி, பூசணி, காட்டுப் பழங்கள், ஆற்று மீன், காட்டெருமை இறைச்சி ஆகியவையே அங்கே பரிமாறப்பட்டன. பொரித்த ரொட்டி அங்கே இல்லை. மறு ஆண்டு அது அமெரிக்காவின் சிறந்த புதிய உணவகத்துக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றது.

இம்மூவருள் யார் சொல்வது சரி? ரொட்டியைக் கைவிட்டவரும், அதனைப் போற்றுபவரும், அதற்கு முந்தைய உணவைத் தேடிச் சென்றவரும் ஒரே நிகழ்வையே நினைவில் வைத்திருக்கின்றனர். வெட்டப்பட்ட பீச் மரங்களையும், எரிக்கப்பட்ட சோள வயல்களையும், பேகோஸ் ஆற்றங்கரையின் மாவு மூட்டைகளையும் அவர்களுள் ஒருவரும் மறக்கவில்லை. அதனால்தான் பல நவஹோ வீடுகளில் நீலச் சோளக் கூழும் பொரித்த ரொட்டியும் ஒரே அடுப்பில் செய்யப்படுகின்றன. ஒன்று மண் தந்தது. மற்றொன்று மண்ணை இழந்த காலத்தில் கைகள் கண்டறிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி ஒருத்தி மாவைக் கையில் எடுக்கும்போது அவளருகே பேரப்பிள்ளைகள் நிற்பர். அவளிடம் அளவுக் குவளை இருப்பதில்லை. 'மாவு காது மடலைப்போல மென்மையாக இருக்க வேண்டும்' என்பதுபோன்ற ஓர் அளவே அவள் சொல்வது. பிள்ளைகள் முதலில் தம் காதைத் தொட்டுப் பார்ப்பர். பிறகு மாவைத் தொட்டுப் பார்ப்பர். கேள்வி கேட்கும் வயது வந்ததும், இந்த மாவு எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று அவர்களுள் ஒருவர் கேட்பார். அப்போது அவள் நெடுநடையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள்.

சொல்லும் பொருளும்

நெடுநடை – நீண்ட தொலைவு நடத்திச் செல்லப்பட்ட பயணம்
பங்கீடு – அளவிட்டுப் பகிர்ந்து வழங்குதல்
உவர்ப்பு – உப்புத்தன்மை
சரணடைதல் – எதிர்ப்பைக் கைவிட்டுப் பணிதல்
தோகை – சோளக் கதிரை மூடியிருக்கும் இலையுறை
உடன்படிக்கை – இருதரப்பாரும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்
வாய்மொழிக் கதை – எழுத்தில் இல்லாமல் சொல்வழியாக வரும் கதை
வில்லை – வட்டமான சிறு தகடு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. 'டினே' என்னும் சொல்லின் பொருள் ______.
2. ஹோகனின் வாயில் ______ திசையை நோக்கி இருக்கும்.
3. நவஹோ மக்கள் ஊர் திரும்ப வழிசெய்த உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டு ______.
4. லகோட்டா மக்கள் காட்டுப் பழங்களால் செய்யும் சாற்றின் பெயர் ______.

ஆ. பிரித்து எழுதுக.
1. செம்பாறை 2. நெடுநேரம் 3. பன்றிக்கொழுப்பு 4. இவ்வைந்தும்

இ. குறுவினா
1. நீலச் சோளக் கூழில் சாம்பல் சேர்ப்பதன் பயன்கள் யாவை?
2. மாவை அரைமணி நேரம் மூடிவைப்பது ஏன்?
3. பங்கீட்டுச் சீட்டுகள் உலோக வில்லைகளாக மாற்றப்பட்டதன் காரணம் என்ன?

ஈ. சிறுவினா
1. போஸ்கே ரெடோண்டோவில் ரொட்டியைச் சுடாமல் பொரிக்க நேர்ந்த சூழலை விளக்குக.
2. பொரித்த ரொட்டியைப் பற்றிய இருவேறு கருத்துகளை எடுத்துரைக்க. உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உ. மொழியோடு விளையாடு
பாடத்தில் வரும் 'கலக்க வேண்டும்', 'மூடி வைக்க வேண்டும்' என்னும் நடையில், நீங்கள் அறிந்த ஓர் உணவின் செய்முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஊ. கற்பவை கற்றபின்
உங்கள் குடும்பம் ஊரைவிட்டு வந்தபின், பொருள்கள் கிடைக்காமையால் செய்முறை மாறிய உணவு ஏதேனும் உண்டா? வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிந்து, எந்தப் பொருளுக்கு மாற்றாக எது வந்தது என்பதை ஒரு பத்தியில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.